ஷேர்டு லைப்ரரி எண்ணை எப்போது மாற்ற வேண்டும்? 6:3:2-க்கு அடுத்தது என்ன?

மூன்றாம்புள்ளி (கேள்வி)

சி மொழியில் எழுதிய ஒரு சின்ன லைப்ரரி. பில்ட் எல்லாம் ஆட்டோடூல்ஸ், லிப்டூல். இங்கே பேசுவதற்கு அதன் பெயர் லிப்மாதிரி என்று வைத்துக்கொள்வோம். கடைசி வெளியீடு 1.4.2. அதில் லிப்டூலுக்குக் கொடுத்த வெர்ஷன்-இன்ஃபோ (கரண்ட்:ரிவிஷன்:ஏஜ்) 6:3:2, லினக்ஸில் லிப்மாதிரி.எஸ்ஓ.4.2.3 என்று ஃபைல் உருவாகிறது. அடுத்து 1.5.0 விட வேண்டும்.

1.4.2-க்குப் பிறகு உள்ளே வந்த மாற்றங்கள்: புதிய ஃபங்ஷன் இரண்டு. ஆப்ஷன் ஸ்ட்ரக்சரின் கடைசியில் ‘ரீட்ரை’ என்று ஓர் இன்ட் ஃபீல்டு (இந்த ஸ்ட்ரக்சரைப் பயனர் தன் கோடில் அறிவித்து, முகவரியை மட்டும் நமக்கு அனுப்புவார்). பிழை எண்களுக்கான எனம்மில் (பெயர்களுக்கு எண் தரும் பட்டியல்) ஒரு புதிய பெயர், அகர வரிசை கெடாமலிருக்க நடுவில் செருகியது. 1.2-லிருந்தே ‘இனி வேண்டாம்’ என்று குறித்து வைத்திருந்த ஒரு பழைய ஃபங்ஷனை நீக்கியாயிற்று. அதை யாரும் கூப்பிடுவதாகத் தெரியவில்லை. மற்றபடி ஒரு மெமரி லீக் திருத்தம், கொஞ்சம் வேகம்.

அடுத்த எண் 7:0:3-ஆ, 7:0:0-ஆ, இல்லை வெளியீட்டு எண்ணோடு ஒத்துப்போக 1:5:0 என்றே வைத்துவிடலாமா? கிட் ரெபாசிட்டரியில் இடைமுகம் மாறிய ஒவ்வொரு முறையும் கரண்டை ஏற்றியதில் அது இப்போது 9-இல் நிற்கிறது. அதை அப்படியே விடலாமா? பீட்டா விடும்போதே மாற்ற வேண்டுமா?

தொடுப்பான்

இப்போது இருக்கிறபடியே வெளியிட்டால் 7:0:0. ஃபைல் லிப்மாதிரி.எஸ்ஓ.7.0.0 ஆகும், சோநேம் (புரோகிராம் தனக்கு வேண்டிய லைப்ரரியைத் தேடும் பெயர்) 4-லிருந்து 7-க்குத் தாவும். ஆனால் அப்படி வெளியிட வேண்டிய அவசியமே இல்லை. உங்கள் பட்டியலில் சிக்கல் பிடித்தவை மூன்று (ஸ்ட்ரக்சர், எனம், நீக்கிய ஃபங்ஷன்); மூன்றையும் சின்னத் திருத்தத்தில் சரிசெய்துவிட்டு 7:0:3 என்று விடலாம். அப்போது ஃபைல் 4.3.0, சோநேம் பழைய 4 தான்.

ஒரு சொல் தகராறை முதலில் தீர்த்துவிடுகிறேன். ஆங்கிலத்தில் ஓரெழுத்து வித்தியாசத்தில் இருக்கும் இரண்டு சுருக்கங்களும் தமிழில் ‘ஏபிஐ’ என்றே விழுகின்றன. பாதி சண்டை அதில்தான் வருகிறது. அதனால் ‘சோர்ஸ் இடைமுகம்’, ‘பைனரி இடைமுகம்’ என்று பிரித்தே எழுதுகிறேன். சோநேம் கவலைப்படுவது இரண்டாவதைப் பற்றி மட்டும். ஹெடரில் ஒரு மேக்ரோ பெயரை மாற்றினால் பயனரின் கோடு கம்பைல் ஆகாமல் போகலாம், ஆனால் ஏற்கெனவே கம்பைல் ஆன புரோகிராம் நன்றாகவே ஓடும். அதற்குச் சோநேமைத் தொட வேண்டாம்.

6:3:2 என்பதை லிப்டூல் படிக்கிற விதம் இது. இப்போதைய இடைமுகத்தின் எண் (கரண்ட்) 6. அதே இடைமுகத்தோடு உள்ளே மட்டும் மாறியது (ரிவிஷன்) 3 முறை. பின்னால் 2 வரைக்கும் (ஏஜ்) பொறுப்பேற்கிறேன், அதாவது 4, 5, 6 எந்த இடைமுகத்தோடு லிங்க் ஆன புரோகிராமும் என்னோடு ஓடும். 6-இலிருந்து 2 போனால் 4. அதுதான் சோநேமில் வரும் எண். ஃபைல் பெயர் அந்த 4, பிறகு ஏஜ், பிறகு ரிவிஷன்: 4.2.3. இந்தக் கணக்கு லினக்ஸுக்கு உரியது. மற்ற தளங்களில் இதே மூன்று எண்களை வைத்து லிப்டூல் வேறு பெயர் கட்டும்.

கணக்கிடும்போது படிகளை மேலிருந்து கீழாக, வரிசை மாறாமல் போட வேண்டும். சோர்ஸில் ஏதாவது மாறியிருந்தால் ரிவிஷனில் 1 கூட்டு. இடைமுகம் ஏதாவது சேர்ந்திருந்தாலோ, மாறியிருந்தாலோ, போயிருந்தாலோ கரண்டில் 1 கூட்டி ரிவிஷனை 0 ஆக்கு. சேர்ந்திருந்தால் ஏஜில் 1 கூட்டு. மாறியோ போயோ இருந்தால் ஏஜை 0 ஆக்கு. உங்களுக்கு: 6:4:2, 7:0:2, 7:0:3, 7:0:0. கடைசிப் படி எல்லாவற்றையும் அடித்துப் போடுகிறது பாருங்கள். அந்தப் படிக்குப் போகாமல் தப்பினால் 7:0:3-இல் நின்றுவிடலாம்.

கிட்டில் ஏற்றிய 9-ஐ மறந்துவிடுங்கள். ஒப்பிட வேண்டியது போன பொது வெளியீட்டோடு; போன கமிட்டோடு அல்ல. நடுவில் ஒரு ஃபங்ஷன் சேர்ந்து, பெயர் மாறி, மறுபடி பழைய பெயருக்கே வந்திருந்தால் வெளியே இருப்பவருக்கு நடந்தது ஒரே ஒரு சேர்ப்புதான். 9 என்றே வைத்தாலும் ஏஜ் சரியாக இருந்தால் (9:0:5) எதுவும் உடையாது. ஆனால் யார் எப்போது எதற்கு ஏற்றினார்கள் என்று பின்னால் சொல்ல முடியாது. ஒருவர் கரண்டை ஏற்றிவிட்டு ஏஜை மறந்திருந்தால், 9:0:2 ஆகி சோநேம் 7-க்குப் போய்விடும், யாரும் கேட்காமலே. வெளியீட்டுக்குச் சற்று முன் ஒருவர், ஒரே கமிட்டில் மாற்றுவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1:5:0 வேண்டவே வேண்டாம். போட்டுப் பாருங்கள்: 1:5:0 தரும் ஃபைல் எஸ்ஓ.1.0.5. சோநேம் 4-லிருந்து 1-க்கு இறங்கிவிட்டது. அடுத்து 1.5.1 என்ற சாதாரணத் திருத்த வெளியீடு 1:5:1 ஆகும், ஃபைல் எஸ்ஓ.0.1.5, சோநேம் 0. ஒரு வரித் திருத்தத்துக்கு எல்லாப் புரோகிராமும் லைப்ரரியைக் காணோம் என்று நிற்கும். 1.5.2-க்கு வந்தால் ஏஜ் 2 கரண்ட் 1-ஐவிடப் பெரிது என்று லிப்டூலே பில்டை நிறுத்திவிடும். அங்கேதான் பலருக்கு விஷயம் தெரிய வருகிறது.

வெளியீட்டு எண் மனிதருக்கு, சோநேம் டைனமிக் லோடருக்கு, அதாவது புரோகிராம் ஓடும்போது லைப்ரரியைத் தேடி ஏற்றுவதற்கு. லிப்கர்லைப் பாருங்கள்: 2006-இல் 7.16.0-இல் சோநேம் 4 ஆனது. 2023-இல் 8.0.0 என்று பெரிய எண் மாறியபோதும் அது 4 தான். க்னூ சி லைப்ரரி இன்னும் லிப்சி.எஸ்ஓ.6 தான். ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.0, 1.0.1, 1.0.2 மூன்றுமே தங்கள் சோநேமில் 1.0.0 என்றே வைத்திருந்தன, 1.1.0-இல்தான் 1.1 ஆனது, 1.1.1-லும் அதுவே.

பீட்டா பற்றி: 1.5.0-க்கு முடிவு செய்த எண்ணை முதல் பீட்டாவிலேயே போட்டுவிடுங்கள். குறிப்பாக, சோநேம் மாறப்போகிறது என்றால் பழைய சோநேமோடு பீட்டா விடவே கூடாது. சோதிப்பவரின் இயந்திரத்தில் மற்ற புரோகிராம்கள் அந்த ஃபைலை எடுத்துக்கொண்டு விழும். பீட்டா 1-க்கும் பீட்டா 2-க்கும் நடுவில் புதிய ஃபங்ஷனின் வடிவம் மாறினால் எண்ணை மறுபடி ஏற்றத் தேவையில்லை, அறிவிப்பில் ஒரு வரி போதும்.

பைட்எண்ணி

அந்த மூன்று சிக்கலில் இரண்டை நான் எடுத்துக்கொள்கிறேன்.

எனம் சிக்கல்தான் மூன்றில் மோசமானது, ஏனென்றால் அது சத்தமே போடாது. பிழைப் பெயர்கள் 0, 1, 2 என்று வரிசையாக எண் பெறுகின்றன. பழைய புரோகிராம் கம்பைல் ஆனபோது ‘நெட்வொர்க் பிழை’ 5 என்று அதன் உள்ளே எண்ணாகவே பதிந்துவிட்டது. நடுவில் ஒன்று செருகியதால் புதிய லைப்ரரியில் அது 6. 5 என்பது இப்போது வேறு பிழை. மெமரி போதவில்லை என்று லைப்ரரி சொல்வதை நெட்வொர்க் பிழை என்று எடுத்துக்கொண்டு புரோகிராம் மறுபடி மறுபடி முயன்றுகொண்டிருக்கும். க்ராஷ் இல்லை, எச்சரிக்கை இல்லை. புதிய பெயரைக் கடைசியில் போடுங்கள், எல்லாவற்றுக்கும் வெளிப்படையாக எண் எழுதிவிடுங்கள். கடைசியில் ‘மொத்தம்’ என்று ஓர் உறுப்பு வைத்து, பயனர்கள் அதை அர்ரே நீளமாகப் பயன்படுத்தும்படி ஹெடரில் விட்டிருந்தால் அதுவும் மாறும். இருந்தால் சொல்லுங்கள்.

ஸ்ட்ரக்சர்: பயனர் ஸ்டாக்கில் அறிவிக்கிறார் என்றால் அதன் சைஸ் அவருடைய புரோகிராமில் உறைந்துவிட்டது. லைப்ரரியின் இனிட் ஃபங்ஷன் புதிய சைஸுக்கு மெம்செட் போட்டால், பயனர் ஒதுக்கிய இடத்தைத் தாண்டிப் பக்கத்து வேரியபிளையும் பூஜ்யமாக்கும். க்ராஷ் அங்கே வராது. அந்த ஃபங்ஷன் முடியும்போது ஸ்டாக் கெட்டது என்று நிற்கும், அல்லது சம்பந்தமில்லாத பாயிண்டர் ஒன்று பூஜ்யமாகி எங்கேயோ விழும். தேடுபவருக்கு லைப்ரரியின் மேல் சந்தேகமே வராது.

மூன்றாம்புள்ளி

எனம் திருத்திவிட்டேன். ‘மொத்தம்’ உறுப்பு இல்லை, நல்லவேளை.

ஸ்ட்ரக்சரில் ஒரு சந்தேகம். பழையதில் இருந்தது ஒரு பாயிண்டர், ஓர் இன்ட். 64 பிட்டில் சைஸ் 16. ரீட்ரை சேர்த்த பிறகும் 16 தான், அளந்து பார்த்தேன். சைஸ் மாறாததால் சோநேமை மாற்ற வேண்டாம்தானே?

பைட்எண்ணி

இல்லை. இந்த இடம்தான் எல்லோரையும் ஏமாற்றும்.

பாயிண்டர் 8 பைட், இன்ட் 4 பைட், கூட்டினால் 12. ஆனால் பாயிண்டர் இருப்பதால் மொத்தம் 8-இன் மடங்காக இருக்க வேண்டும்; கம்பைலர் கடைசியில் 4 பைட் வெற்றிடம் விட்டு 16 ஆக்குகிறது. உங்கள் ரீட்ரை போய் அந்த வெற்றிடத்தில் உட்கார்ந்துவிட்டது. சைஸ் மாறவில்லை, சரி. பழைய புரோகிராம் அந்த 4 பைட்டில் என்ன எழுதியிருக்கும்? இனிட் ஃபங்ஷனைக் கூப்பிட்டிருந்தால் 0. இரண்டு ஃபீல்டையும் கையால் நிரப்பியிருந்தால் ஒன்றுமே எழுதியிருக்காது, ஸ்டாக்கில் முன்பு கிடந்த குப்பைதான் இருக்கும். அறிவிக்கும்போதே அடைப்புக்குறி போட்டு மதிப்பு கொடுத்திருந்தாலும் வெற்றிட பைட்டுகளைக் கம்பைலர் பூஜ்யமாக்கும் என்று சி மொழி உறுதி தருவதில்லை. புதிய லைப்ரரி அதை ரீட்ரை என்று படிக்கும்: ஒருநாள் 0, ஒருநாள் 32767.

32 பிட்டில் இதே ஸ்ட்ரக்சர் 8 பைட்டிலிருந்து 12 ஆகிறது. அங்கே வெற்றிடம் இல்லை. இனிட் ஃபங்ஷன் 4 பைட் வெளியே எழுதும். உங்கள் மேசையில் ஓடும், ஏஆர்எம் 32 பலகையில் விழும்.

லைப்ரரியின் ஹேண்டில் ஒப்பேக்காக, அதாவது பயனருக்கு உள்ளே தெரியாத பாயிண்டராக இருக்கிறதா? இருந்தால் ரீட்ரையை ஆப்ஷன் ஸ்ட்ரக்சரிலிருந்து எடுத்து ஹேண்டிலுக்குள் வையுங்கள். அதை வைக்க ஒரு செட் ஃபங்ஷன் போதும். ஸ்ட்ரக்சர் பழையபடியே. இடைமுகத்தில் நடந்தது ஒரு சேர்ப்பு மட்டும்.

எதிர்காலத்தில் இப்படி ஸ்ட்ரக்சர் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் முதல் ஃபீல்டே சைஸாக இருக்கட்டும். பயனர் தன் பக்கத்து சைஸை அதில் எழுதி அனுப்புவார், லைப்ரரி அதற்கு மேல் தொடாது. ‘ரிசர்வ்டு’ என்று காலி ஃபீல்டுகள் வைப்பது இரண்டாம் பட்சம். பயனர்கள் அவற்றைப் பூஜ்யமாக்கியிருந்தால்தான் அது உதவும். பூஜ்யமா என்று லைப்ரரி முதல் நாளிலிருந்தே சோதித்து, இல்லையென்றால் பிழை தராதவரை யாரும் ஆக்கமாட்டார்கள்.

பொதிகட்டி

டிஸ்ட்ரோவுக்கு (டெபியன் போன்ற லினக்ஸ் வழங்கலுக்கு) பொதி கட்டும் பக்கத்திலிருந்து சில விஷயங்கள்.

‘யாரும் கூப்பிடுவதாகத் தெரியவில்லை’ என்ற வரியை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். யார் கூப்பிடுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரிய வழியே இல்லை. டெபியனில் லைப்ரரிப் பொதிக்குச் சிம்பல் (வெளியே தெரியும் ஃபங்ஷன் பெயர்) பட்டியல் வைத்திருப்போம். ஒரு சிம்பல் காணாமல் போனால் டிபிகேஜி-ஜென்சிம்பல்ஸ் என்ற கருவி பில்டையே தோல்வியாக்கும். நீங்கள் சோநேமை மாற்றாமல் ஃபங்ஷனை எடுத்தால் முதல் பில்டிலேயே மாட்டிக்கொள்வீர்கள், பக் ரிப்போர்ட் அன்றைக்கே வரும்.

பயனர் இயந்திரத்தில் இது எப்படி வெடிக்கும் என்பதும் தெரிந்திருக்கட்டும். லேசி பைண்டிங்கில் (ஃபங்ஷனைக் கூப்பிடும்போதுதான் தேடும் முறை) புரோகிராம் நன்றாகத் தொடங்கும். அந்த ஃபங்ஷனைக் கூப்பிடும் இடம் வந்தபிறகுதான் ‘சிம்பல் இல்லை’ என்று செத்துவிழும். அது சேவ் பட்டனாகவும் இருக்கலாம். ‘-இசட் நவ்’ கொடுத்து லிங்க் செய்திருந்தால் தொடங்கும்போதே விழும். எல்டி_பைண்ட்_நவ் என்ற சூழல் மாறியை 1 ஆக வைத்து ஓட்டினால் முன்கூட்டியே பார்த்துவிடலாம்.

சோநேம் 4-லிருந்து 7 ஆனால் எங்களுக்கு என்ன வேலை: பொதியின் பெயரிலேயே அந்த எண் இருப்பதால் புதிய பெயரில் புதிய பொதி. அதன்மேல் லிங்க் ஆன எல்லாப் பொதிகளையும் மறுபடி பில்ட் செய்து, எல்லாம் ஒன்றாக உள்ளே போகும்வரை காத்திருப்பு. செய்வதற்குத் தயங்கவில்லை, காரணம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் உடைத்துவிட்டுச் சோநேமை மாற்றாமல் விடுவது இதைவிடப் பெரிய பாவம். அப்போது சோநேமை நாங்களாக மாற்ற முடியாது. மாற்றினால் எங்கள் டிஸ்ட்ரோவில் மட்டும் வேறு எண்ணாகி, வெளியிலிருந்து வரும் பைனரி ஓடாது. பொதிப் பெயரை மட்டும் மாற்றிச் சமாளிப்போம். 2038 சிக்கலுக்காக 32 பிட்டில் நேர வகையை 64 பிட்டாக்கியபோது, 2024-இல் டெபியனில் ஏராளமான லைப்ரரிகளின் பொதிப் பெயரில் ‘டி64’ என்று வால் முளைத்ததே, அது இந்த வகை. சோநேம்கள் அப்படியே இருந்தன.

இன்னொன்று. 7 வெளிவந்த பிறகு கொஞ்ச காலம் 4-உம் 7-உம் ஒரே இயந்திரத்தில் இருக்கும். ஒரு புரோகிராம் இரண்டு லைப்ரரிகளைப் பயன்படுத்துகிறது, ஒன்று 4-ஐ இழுக்கிறது, மற்றது 7-ஐ இழுக்கிறது என்று வையுங்கள். இரண்டும் ஒரே ப்ராசஸில் ஏறும். சிம்பல் பெயர்கள் ஒன்றே. லோடர் தேடும்போது முதலில் அகப்படுவது எதுவோ அதுதான் எல்லோருக்கும். 7-ஐ எதிர்பார்த்தவர் 4-இன் ஃபங்ஷனுக்குள் போய் விழுவார். சோநேமை மாற்றுவது இதைத் தடுக்காது. ஒவ்வொரு சிம்பலோடும் ஒரு வெர்ஷன் பெயரை ஒட்டும் சிம்பல் வெர்ஷனிங்தான் தடுக்கும். எப்போதாவது சோநேமை ஏற்றப்போகிறீர்கள் என்றால் அதற்கு முந்தைய வெளியீட்டிலேயே அந்தப் பெயர்களைக் குறிக்கும் ஒரு வெர்ஷன் ஸ்கிரிப்ட் சேர்த்துவிடுங்கள். வெர்ஷன் இல்லாமல் லிங்க் ஆன பழைய புரோகிராம்கள் அதோடும் ஓடும், அதற்காகச் சோநேமை மாற்ற வேண்டியதில்லை.

என் கருத்து: 1.5.0-ஐ 7:0:3 என்று விடுங்கள். நீக்க வேண்டியவற்றையெல்லாம் ஒரு பட்டியலில் சேர்த்து வைத்து, ஒரு நாள் மொத்தமாக ஒரே தடவையில் உடையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோநேம் மாறும் லைப்ரரியை ஆட்கள் காப்பி அடித்துத் தங்கள் சோர்ஸுக்குள் போட்டுக்கொள்ளத் தொடங்குவார்கள். பிறகு பாதுகாப்புத் திருத்தம் எங்கே போய்ச் சேரும்?

தொடுப்பான்

முழுவதும் உடன்பாடு, ‘மொத்தமாக உடையுங்கள்’ என்பதைத் தவிர. நீக்க வேண்டிய ஃபங்ஷன் ஒன்றிரண்டு என்றால் உடைக்கவே வேண்டாம். ஹெடரிலிருந்து அறிவிப்பை எடுத்துவிடுங்கள், சிம்பலை லைப்ரரியில் விட்டுவையுங்கள். உள்ளே புதிய ஃபங்ஷனைக் கூப்பிடும் ஐந்து வரி போதும். புதிதாகக் கம்பைல் செய்பவருக்குக் கிடைக்காது, பழைய பைனரி ஓடும். வெர்ஷன் ஸ்கிரிப்ட் வந்த பிறகு அதை இயல்பு அல்லாத வெர்ஷனாகக் குறித்துவிட்டால் ஹெடர் இல்லாமல் தானே அறிவித்துக்கொண்டு லிங்க் செய்யப் பார்ப்பவருக்கும் கதவு மூடிவிடும். க்னூ சி லைப்ரரி இத்தனை ஆண்டு 6-இலேயே நிற்பது இப்படித்தான். அங்கே 2.14-இல் மெம்காப்பி நடத்தை மாறியபோது, பழைய புரோகிராம்களுக்குப் பழைய வெர்ஷன் சிம்பலே கிடைக்கும்படி இரண்டையும் வைத்தார்கள்.

இனிக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 1.4.2 டார்பாலை எடுத்து, புதியதையும் எடுத்து, இரண்டையும் ஒரே கம்பைலர், ஒரே ஃப்ளாக், கூடவே ‘-ஜி’ (டீபக் தகவல்) போட்டு பில்ட் செய்யுங்கள். பிறகு லிபாபிகெயில் தொகுப்பில் வரும் அபிடிஃப் என்ற பைனரி இடைமுக ஒப்பீட்டுக் கருவியை இரண்டு எஸ்ஓ ஃபைல்மீதும் ஓட்டுங்கள். பொது ஹெடர்கள் இருக்கும் டைரக்டரியை இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் உள் ஸ்ட்ரக்சர் மாற்றங்களும் பட்டியலில் வந்து மலைக்க வைக்கும். வெளியேறும் எண் பிட்டுகளாக வரும்: 1, 2 இருந்தால் ஓட்டியதே தவறு, 4 இருந்தால் ஏதோ மாறியிருக்கிறது, ஆள் பார்க்க வேண்டும், 8 இருந்தால் நிச்சயம் உடைந்திருக்கிறது. 8 வரும்போது 4-உம் சேர்ந்தே வரும், அதனால் கண்ணில் படுவது 12. இதைச் சிஐ-யில் (தானியங்கி பில்ட் சோதனையில்) போட்டு 8 வந்தால் பில்ட் சிவப்பாகும்படி வைத்தால், வெளியீட்டு நாளன்று அதிர்ச்சி இருக்காது. இது கைக்குக் கிடைக்காவிட்டால் ‘என்எம் -டி’ வெளியீட்டை இரண்டு பக்கமும் வரிசைப்படுத்தி ஒப்பிடுங்கள். போன சிம்பல், வந்த சிம்பல் தெரியும். ஸ்ட்ரக்சர் மாற்றம் தெரியாது.

அபிடிஃப்புக்குத் தெரியாதவையும் உண்டு. ஹெடரில் உள்ள மேக்ரோ எண்களும் இன்லைன் ஃபங்ஷன்களும் பயனரின் பைனரிக்குள் பதிந்துபோனவை. நடத்தை மாற்றம் இன்னொன்று: காலி உள்ளீட்டுக்கு 0 தந்துகொண்டிருந்த ஃபங்ஷன் இப்போது -1 தருகிறது என்றால், கையொப்பம் அப்படியே இருந்தாலும் இடைமுகம் மாறிவிட்டது. ஆவணத்தில் 0 என்று எழுதியிருந்தால் அது உடைப்பு. ஆவணத்திலேயே -1 என்று இருந்து கோடு தவறாக 0 தந்திருந்தால் திருத்தம். இந்த முடிவை எந்தக் கருவியும் எடுக்காது.

உள் ஃபங்ஷன்கள் வெளியே தெரிகின்றனவா என்றும் பாருங்கள். லிப்டூலுக்கு ‘-எக்ஸ்போர்ட்-சிம்பல்ஸ்-ரீஜெக்ஸ்’ கொடுத்து உங்கள் முன்னொட்டு உள்ளவை மட்டும் வெளியே போகும்படி வைக்கலாம். ஒரு எச்சரிக்கை: இதுவரை தெரிந்துகொண்டிருந்த உள் ஃபங்ஷனை மறைப்பதும் கண்டிப்பான கணக்கில் நீக்கம்தான். எந்த ஹெடரிலும் அறிவிக்கப்படாததாக இருந்தால் நான் அதற்குச் சோநேமை மாற்றமாட்டேன், அறிவிப்பில் எழுதிவிடுவேன். பொதிகட்டி திட்டலாம்.

பொதிகட்டி

ஹெடரில் இல்லாததற்குத் திட்டமாட்டேன். சிம்பல் பட்டியலில் கையால் திருத்துவேன், அதற்காகவாவது அறிவிப்பில் அந்த வரி இருக்கட்டும்.

மூன்றாம்புள்ளி

ரீட்ரை ஹேண்டிலுக்குள் போய்விட்டது, பழைய ஃபங்ஷன் திரும்ப வந்துவிட்டது. அபிடிஃப் 4 தருகிறது. சேர்ந்தவை மூன்று ஃபங்ஷன், எனம்மின் கடைசியில் ஒரு பெயர், வேறொன்றும் இல்லை. 7:0:3 போடுகிறேன்.

இன்னும் இரண்டு கேள்வி. 1.4 கிளையை இன்னும் ஓர் ஆண்டு பராமரிக்க வேண்டும். அங்கே எண் எப்படி ஓடும்? 1.6-இல் சிமேக் என்ற வேறு பில்ட் கருவிக்கு மாறும் எண்ணமும் இருக்கிறது. அங்கே மூன்று எண் கணக்கே கிடையாதே?

தொடுப்பான்

1.4 கிளையில் திருத்தம் மட்டும் என்றால் சிக்கலே இல்லை. 1.4.3-க்கு 6:4:2, ஃபைல் 4.2.4. ஆனால் அந்தக் கிளையில் ஒரு ஃபங்ஷன் சேர்த்தீர்கள் என்றால் விதிப்படி 7:0:3 வரும், 1.5.0-உம் 7:0:3. ஒரே பெயரில், ஒரே சோநேமில், வேறு வேறு ஃபங்ஷன்கள் உள்ள இரண்டு 4.3.0 ஃபைல்கள் உலகத்தில் உலவும். அதனால் பழைய கிளையில் சேர்ப்பே கூடாது. பல கிளைகளை நெடுநாள் ஓட்டும் திட்டங்கள் கிளைக்கு இவ்வளவு என்று எண்களை முன்கூட்டியே பங்கிட்டு வைப்பதுண்டு. பைண்ட் 9 என்ற டிஎன்எஸ் சர்வர் பல காலம் அப்படிச் செய்தது. உங்களுக்கு அவ்வளவு தேவைப்படாது.

ரிவிஷனை ஏற்றாமல் குறைத்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு: ஒரே டைரக்டரியில் ஒரே சோநேமோடு இரண்டு ஃபைல் இருந்தால் எல்டிகான்ஃபிக் (சோநேம் லிங்குகளை அமைக்கும் கருவி) பெரிய எண் உள்ளதற்கே லிங்க் வைக்கும். பழைய 4.2.3-ஐ அழிக்காமல், எண் குறைந்த புதிய ஃபைலைப் பக்கத்தில் வைத்தால் அடுத்த எல்டிகான்ஃபிக் ஓட்டத்தில் பழையது திரும்ப உயிர்பெறும். திருத்திய பக் ‘மறுபடி வந்துவிட்டது’ என்று புகார் வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

பைட்எண்ணி

சிமேக் பக்கம் நான். அங்கே வெர்ஷன், எஸ்ஓவெர்ஷன் என்று இரண்டு பண்புகள். லிப்டூல் எண்களை அப்படியே எழுதாதீர்கள். கணக்கிட்டு வந்த எண்ணை எழுதுங்கள். 7:0:3-க்கு வெர்ஷன் 4.3.0, எஸ்ஓவெர்ஷன் 4. அதன் பிறகு சேர்ப்பு வந்தால் நடு எண், திருத்தம் வந்தால் கடை எண், உடைந்தால் மட்டும் முதல் எண். மெசான் என்ற பில்ட் கருவியிலும் இதே கதைதான். அங்கே வெர்ஷன் மட்டும் கொடுத்தால் அதன் முதல் எண்ணையே சோநேமுக்கு எடுத்துக்கொள்ளும். திட்டத்தின் வெளியீட்டு எண்ணின் முதல் பகுதியை எஸ்ஓவெர்ஷனில் தானாகப் போடும் அந்தப் பிரபலமான ஒற்றை வரியை ஒட்டிவிடாதீர்கள், சோநேம் 1 ஆகிவிடும்.

சிமேக்குக்கு மாறும்போது பலர் தவறவிடுவது மேக்ஓஎஸ். லிப்டூல் அங்கே கம்பாட்டிபிலிட்டி வெர்ஷன் என்று கரண்டோடு 1 கூட்டிப் பதிக்கும். 6:3:2-க்கு அது 7, 1.5.0-இன் 7:0:3-க்கு 8. அதோடு லிங்க் ஆன ஒவ்வொரு புரோகிராமும் ‘குறைந்தது 8 வேண்டும்’ என்று தனக்குள் எழுதி வைத்திருக்கும். சிமேக் சும்மா விட்டால் எஸ்ஓவெர்ஷனையே எடுத்து 4 என்று பதிக்கும். இருக்கும் எண் கேட்ட எண்ணைவிடக் குறைவு என்று சொல்லி லோடர் ஏற்ற மறுக்கக்கூடும், ஃபைல் பெயர் சரியாக இருந்தாலும். சிமேக் 3.17-லிருந்து இதற்கென்றே மாக்-ஓ கம்பாட்டிபிலிட்டி வெர்ஷன், மாக்-ஓ கரண்ட் வெர்ஷன் என்று தனிப் பண்புகள் உண்டு. 1.6-இல் சேர்ப்பு இருந்தால் 9, திருத்தம் மட்டும் என்றால் 8. மாற்றிய பிறகு ‘ஓடூல் -எல்’ ஓட்டி இரண்டு பில்டிலும் அந்த எண்ணை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு மெர்ஜ் செய்யுங்கள்.

விண்டோஸில் மிங்டபிள்யூ பில்ட் தருகிறீர்கள் என்றால் டிஎல்எல் பெயரையும் பாருங்கள். லிப்டூல் லிப்மாதிரி-4.டிஎல்எல் என்று வைத்திருக்கும், புதிய பில்டிலும் அந்த 4 பெயரிலேயே வர வேண்டும்.